சட்டத்தில் எழுதியிருப்பதை நீதிபதிகள் எப்படி வாசிக்கிறார்கள்?

வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருக்கலாமா? அரச காணி விடயத்தில் மாகாண சபைக்கு எவ்வளவு அதிகாரம்? நாம் வாக்களித்து அனுப்பிய நாடாளுமன்றத்தை ஜனாதிபதி நினைத்த நேரத்தில் கலைக்கலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் இலங்கை உயர் நீதிமன்றம் 2006, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் பதில் சொன்னது. மூன்றுமே திருகோணமலையை நேரடியாகத் தொட்ட தீர்ப்புகள். மூன்றிலும் வாதம் சுழன்றது சட்டத்தில் இருந்த ஒரு சில சொற்களைச் சுற்றித்தான்.

இப்படி ஒரு தீர்ப்பு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: "சட்டத்தில்தான் எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் நீதிபதி என்ன பொருள் சொல்வது?" தீர்ப்பு பிடித்திருந்தால் நீதி வென்றது என்கிறோம். பிடிக்காவிட்டால் நீதிபதி சட்டத்தை வளைத்துவிட்டார் என்கிறோம். இரண்டுமே அவசரப் பேச்சு. சட்டச் சொல்லுக்குப் பொருள் காண்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது தெரிந்தால், எந்தத் தீர்ப்பு அந்த ஒழுங்குக்குள் நிற்கிறது, எது இடறுகிறது என்று நாமே கேட்க முடியும்.

முதலில் சில சொற்கள். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். மாகாணங்களில் இருப்பவை மேல் நீதிமன்றங்கள். (தமிழ்நாட்டு வழக்கம் வேறு என்பதால் அங்குள்ள வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) சாதாரண சட்டத்தின் பகுதியைப் பிரிவு என்றும், அரசியலமைப்பின் பகுதியை உறுப்புரை என்றும் சொல்வோம். சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் காண்பதற்குச் சட்டத்துறை வைத்திருக்கும் பெயர் பொருள்கோடல்.

## சந்தேகம் எங்கிருந்து வருகிறது?

ஒரு விதியைக் கற்பனை செய்வோம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையுள்ள கடற்கரையில் "வாகனங்களைக் கொண்டுவரக் கூடாது" என்று அறிவித்தல் போடுகிறார்கள். சுற்றுலா வந்தவரின் கார் வாகனம்தான், அதில் பேச்சில்லை. சரி, கரைவலைக் கயிற்றை இழுப்பதற்காகச் சம்மாட்டி மணலில் நிறுத்தி வைத்திருக்கும் உழவு இயந்திரம்? கடலில் மூழ்கியவரை ஏற்ற வரும் அம்புலன்ஸ்? வாடிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சிறுவனின் சைக்கிள்? நான்கு எழுத்துச் சொல் ஒன்று நான்கு விதமாகக் கேட்கிறது. எழுதியவர் காரை நினைத்து எழுதினார். அம்புலன்ஸை அவர் நினைக்கவே இல்லை.

இன்னொன்று. "வீதியில் கட்டாக்காலியாகத் திரியும் கால்நடைகளைப் பிடித்து அடைக்கலாம்" என்று ஓர் உள்ளூராட்சி விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாடு, ஆடு பற்றிச் சந்தேகம் இல்லை. பிரட்றிக் கோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் வந்து குப்பையைக் கிளறும் புள்ளிமான்? அதுவும் நாலு காலில்தான் நடக்கிறது, போக்குவரத்தையும் மறிக்கிறது. ஆனால் யாரும் வளர்க்காத மிருகத்தை நாம் கால்நடை என்பதில்லை. அதோடு காட்டு விலங்குகளைக் காப்பதற்கு 1937 முதல் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. நீதிபதி அந்தச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் இந்த விதியை வாசிக்க வேண்டும்.

இவை சொல்லின் விளிம்பில் வரும் சந்தேகங்கள். இவற்றைவிடச் சிக்கலானவை இரண்டு உண்டு. ஒரே சட்டத்தின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று மோதுவது ஒன்று. மற்றது, பேரம் பேசி எழுதிய சட்டத்தில் இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக வாசித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வசனத்தை மங்கலாகவே விட்டுவிடுவது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் உள்ள காணி ஏற்பாடு இந்த இரண்டாவது வகை என்பது என் கணிப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

## நீதிபதி முதலில் எங்கே பார்ப்பார்?

1. அந்தச் சட்டத்தின் பொருள்கோடல் பிரிவு. பெரும்பாலான சட்டங்களில் இது கடைசிப் பக்கங்களில் இருக்கும். இதில் இரண்டு விதமான வாக்கியங்கள் வரும். "இன்னது எனப் பொருள்படும்" என்றால் அந்தச் சொல்லின் எல்லை அதோடு மூடப்படுகிறது. "இன்னதை உள்ளடக்கும்" என்றால் வழக்கமான பொருளோடு இன்னும் சில சேர்கின்றன. ஒரு சட்டம் "மீன் என்பது நண்டையும் கடலட்டையையும் உள்ளடக்கும்" என்று சொன்னால், சந்தையில் யாரும் நண்டை மீன் என்று விற்காவிட்டாலும் அந்தச் சட்டத்துக்கு நண்டு மீன்தான்.

2. 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பொருள்கோடல் கட்டளைச் சட்டம். மற்றச் சட்டங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லும் சட்டம் இது. ஒருமையில் எழுதியது பன்மைக்கும் பொருந்தும். ஆண்பாலில் எழுதியது பெண்ணுக்கும் பொருந்தும். நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ ஒன்றைச் செய்வதற்கான கடைசி நாளில் அது மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாளில் செய்வது தவணைக்குள் செய்ததாகவே கொள்ளப்படும். கடைசி நாள் போயா விடுமுறையில் விழுந்துவிட்டது என்று பதறுகிறவர்களுக்கு இந்த ஒரு பிரிவு பெரிய ஆறுதல். இன்னொன்று: ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும், அது இருந்த காலத்தில் ஒருவர் பெற்ற உரிமை அதனால் மட்டும் அழிந்துவிடாது.

3. சட்டம் முழுவதும். தலைப்பு, முகவுரை, முன்னும் பின்னும் உள்ள பிரிவுகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். ஒரு பிரிவை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்வது முகநூலில் நடக்கும், நீதிமன்றத்தில் எடுபடாது.

4. முந்தைய தீர்ப்புகள். மேலே உள்ள நீதிமன்றம் ஒரு சொல்லுக்கு ஏற்கனவே பொருள் சொல்லியிருந்தால் கீழே உள்ள நீதிமன்றம் அதைத் தாண்ட முடியாது.

## மூன்று பழைய வழிகள்

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் வரும் வழிகள் மூன்று. பிரித்தானியர் காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்டவை.

முதலாவது, சொல்லின் நேர்ப்பொருள். என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். விளைவு எப்படிப் போனாலும் சரி. இதன் கோணலைக் காட்ட 1868இல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு ஒன்றைச் சொல்வார்கள். இறந்துபோன ஒருவரின் பெயரில் ஒருவர் வாக்களித்துவிட்டார். "வாக்களிக்கும் உரிமையுள்ள ஆளாக" நடிப்பதுதான் குற்றம் என்று சட்டம் சொன்னது. இறந்தவருக்கு வாக்குரிமை இல்லையே! ஆகவே குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, நேர்ப்பொருள் அபத்தத்தில் கொண்டுபோய் விட்டால் அதைச் சற்றே திருத்தி வாசிப்பது. 1964இல் வந்த வழக்கு ஒன்று. தடைசெய்யப்பட்ட படைத்தளத்தின் "அயலில்" காவலரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம். தடுத்தவரோ தளத்துக்கு உள்ளேயே நின்றார். உள்ளே நிற்பது அயலில் நிற்பதாகாது என்பது அவரது வாதம். வெளியே நின்று தடுத்தால் குற்றம், உள்ளே போய்த் தடுத்தால் குற்றமில்லை என்று எந்தச் சட்டமும் நினைத்திருக்காது என்று சொல்லி நீதிமன்றம் அதை நிராகரித்தது. கடற்படைத் தளத்தோடு வாழும் நமது ஊரில் இந்த உதாரணத்தை விளங்கிக்கொள்ளச் சிரமப்பட வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் மிகப் பழையது, 1584இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பில் சொல்லப்பட்டது. இது கேட்கும் கேள்விகள் நான்கு: இந்தச் சட்டம் வருமுன் நிலைமை என்ன? அதில் இருந்த கேடு என்ன? அதற்கு நாடாளுமன்றம் கொடுத்த மருந்து என்ன? ஏன் அந்த மருந்து? பதில் கிடைத்ததும், கேட்டை அடக்கி மருந்தை வேலை செய்யவிடும் விதமாகச் சொற்களை வாசிக்க வேண்டும். இன்று "சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து வாசிப்பது" என்று சொல்லப்படுவது இதன் வளர்ச்சிதான். கடற்கரை உதாரணத்தில் அம்புலன்ஸைக் காப்பாற்றுவதும் இதுவே. ஆனால் எல்லை உண்டு. நோக்கம் நல்லது என்பதற்காக, சட்டத்தில் இல்லாத சொல்லை நீதிபதி எழுதிச் சேர்க்க முடியாது.

இவற்றோடு சில துணை விதிகளும் இருக்கின்றன. "வலை, தூண்டில், கூடு மற்றும் வேறு உபகரணங்கள்" என்று எழுதியிருந்தால் அந்த "வேறு உபகரணங்கள்" முன்னே நிற்பவற்றின் இனத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்; படகின் இயந்திரத்தை அதற்குள் இழுக்க முடியாது. அப்புறம், பொதுவாகப் பேசும் ஏற்பாடும் ஒன்றைக் குறித்தே பேசும் ஏற்பாடும் மோதினால், குறித்துப் பேசுவதற்கே முதலிடம். சட்டத்தில் எந்தச் சொல்லும் சும்மா கிடப்பதாக வாசிக்கக் கூடாது என்பது மற்றொன்று. இந்தக் கடைசி இரண்டும் 2018 வழக்கை விளங்கிக்கொள்ள அவசியம்.

## 2018: கலைக்கும் அதிகாரம்

2018 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்துப் பிரகடனம் வெளியிட்டார். தேர்தல் 2019 ஜனவரி 5 என்றும் குறிக்கப்பட்டது. இதை எதிர்த்துப் பல அடிப்படை உரிமை மனுக்கள் வந்தன. அவற்றுக்கான தீர்ப்பு, திருகோணமலை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அமரர் இரா. சம்பந்தனின் பெயரால்தான் இன்று அறியப்படுகிறது.

மோதியவை இரண்டு உறுப்புரைகள். உறுப்புரை 33(2), அரசியலமைப்பின் மற்ற இடங்களில் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரங்களுக்கு "மேலதிகமாக" ஜனாதிபதிக்கு உள்ள அதிகாரங்களை அடுக்குகிறது. நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, ஒத்திவைப்பது, கலைப்பது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உறுப்புரை 70(1) அதே அதிகாரத்தைச் சொல்லிவிட்டு அப்போது ஒரு காப்பு வாசகத்தையும் சேர்த்திருந்தது: முதல் அமர்விலிருந்து நான்கரை வருடம் முடியுமுன் கலைக்கக் கூடாது, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் மட்டும் கலைக்கலாம். அந்த நாடாளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. நான்கரை வருடம் 2020இல்தான் முடியும்.

அரச தரப்பில் வாதிட்ட சட்டமா அதிபரின் வாதம் "மேலதிகமாக" என்ற சொல்லில் நின்றது. 33(2) தரும் அதிகாரம் தனியானது, 70இல் உள்ள தடை அதைத் தொடாது என்பது வாதத்தின் சாரம். அந்தச் சொல்லை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால் இது வெறும் சாக்குப்போக்கு அல்ல. ஒரு சட்டத்தரணி நேர்மையாகவே முன்வைக்கக்கூடிய வாசிப்புத்தான். நீதிமன்றம் அதை ஏற்காததற்கான காரணங்களை என் வார்த்தைகளில் சுருக்கினால்:

1. 33(2) அதிகாரம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறது. 70 அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று குறித்துச் சொல்கிறது. இரண்டையும் இணைத்து வாசித்தால் மோதல் இல்லை.

2. சட்டமா அதிபர் சொல்வது சரியென்றால் 70இல் உள்ள நான்கரை வருடத் தடைக்கு வேலையே இல்லை. எந்த ஜனாதிபதியும் 33இன் வழியாகப் போய்விடுவார். அரசியலமைப்பில் ஒரு தடையை எழுதி அதே கையால் அதை வெறுமையாக்கியிருப்பார்கள் என்று வாசிக்க முடியாது.

3. வரலாறு. 1978 அரசியலமைப்பின் மூல வாசகத்தில் பொதுத்தேர்தல் நடந்து ஒரு வருடம் கழிந்தாலே ஜனாதிபதி கலைக்கலாம். 2015இல் 19ஆவது திருத்தம் அதை நான்கரை வருடமாக்கியது. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைப்பதற்காக வந்த திருத்தத்தை அதைக் கூட்டுவதாக வாசிப்பது, கேட்டையும் மருந்தையும் இடம் மாற்றி வைப்பதாகும்.

4. கட்டுப்பாடே இல்லாத அதிகாரம் எவருக்கும் இல்லை என்பது நமது அரசியலமைப்பின் அடிப்படை.

டிசெம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் ஒருமனதாகப் பிரகடனத்தைச் செல்லாததாக்கியது. பொருள்கோடல் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இலங்கைத் தீர்ப்புகளில் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இது. நீதிபதிகள் புதிதாக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. இருந்த எல்லாச் சொற்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

## 2006: "அல்லது" சேர்ந்த கதை

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வடக்கையும் கிழக்கையும் இணைப்பதற்கு ஜனாதிபதிக்கு வழி கொடுத்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: ஆயுதக் குழுக்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், சண்டையும் நின்றிருக்க வேண்டும். அவை நிறைவேறவில்லை. ஆகவே 1988 செப்டெம்பரில் ஓர் அவசரகால ஒழுங்குவிதி வந்து, ஆயுதக் களைவுக்கான நடவடிக்கை தொடங்கியிருந்தாலும் போதும் என்று "அல்லது" போட்டு ஒரு மாற்று வழியைச் சேர்த்தது. அந்த வழியால் மாகாணங்கள் இணைந்தன. திருகோணமலை வடகிழக்கு மாகாணத்தின் தலைநகரானது.

நாடாளுமன்றம் விதித்த நிபந்தனையை இப்படி ஒழுங்குவிதியால் மாற்றியது செல்லாது என்று 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2007 முதல் மாகாணங்கள் பிரிந்தன. சொல்லை மட்டும் பார்த்தால் இது வலுவான வாசிப்பு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 18 வருடம் அந்த இணைப்பின் மேல் நிர்வாகம் நடந்திருந்தது. அத்தனை காலம் நடைமுறையில் இருந்த ஏற்பாட்டுக்கும், அதைப் பிறப்பித்த இந்திய இலங்கை உடன்படிக்கைக்கும் என்ன எடை கொடுப்பது என்ற கேள்வி தமிழ் மக்களின் மனதில் இன்றும் ஆறாமல் இருப்பதற்கு நியாயம் உண்டு.

## 2013: "அந்த அளவுக்கு"

காணிக்கு வருவோம். அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் மாகாண சபை நிரல் காணியைச் சேர்த்திருக்கிறது. ஆனால் "பின்னிணைப்பு 2இல் குறித்த அளவுக்கு" என்று ஒரு வாலும் இருக்கிறது. அந்தப் பின்னிணைப்பின் தொடக்கத்தில் இரண்டு கூற்றுகள். முதலாவது: அரச காணி தொடர்ந்தும் குடியரசிடமே இருக்கும். இரண்டாவது: மேற்சொன்னதற்கு அமைய, காணி மாகாண சபைக்குரிய விடயமாகும்.

ஸ்டாஃபோர்ட் தோட்ட வழக்கு என்று அறியப்படும் வழக்கில், அரச காணியிலிருந்து ஒருவரை வெளியேற்றும் அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பது பிரச்சினை. மாகாண சபை நிரலில் உள்ள விடயங்களில்தான் அந்த நீதிமன்றம் எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவைத் தடுக்கும் அல்லது செல்லாததாக்கும் கட்டளை) வழங்க முடியும். 2013 செப்டெம்பர் 26இல் உயர் நீதிமன்றம் முதலாவது கூற்றுக்கே முழுப் பலத்தையும் கொடுத்தது: அரச காணி மத்திக்குரியது, ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம், அதாவது விசாரிக்கும் அதிகாரம், இல்லை.

இதன் விளைவை நடைமுறையில் பார்க்க வேண்டும். மூதூரிலோ குச்சவெளியிலோ அரச காணி என்று சொல்லி ஒருவரை எழும்பச் சொன்னால், அந்த அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை கேட்டுத் திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை. 250 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும். பஸ் காசு, சட்டத்தரணிக்கான செலவு, இழந்த நாட்கூலி எல்லாம் அந்த ஒரு வசனத்தை வாசித்த விதத்திலிருந்து வருகின்றன.

2018இல் பின்பற்றிய விதியை இங்கே வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. எந்தச் சொல்லும் சும்மா கிடக்கக் கூடாது என்றால், "காணி மாகாண சபைக்குரிய விடயமாகும்" என்ற இரண்டாவது கூற்றுக்கு என்ன வேலை மிஞ்சுகிறது? உரித்து குடியரசிடம் இருந்தாலும் நிர்வாகம் மாகாணத்திடம் இருக்கலாம் என்று வாசிக்க அந்த வசனங்களில் இடம் இருந்தது. அதிகாரத்தைப் பகிர்வதற்காக வந்த திருத்தத்தை அந்த நோக்கத்தோடு வாசித்திருந்தால் முடிவு வேறாக வந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

## தண்டனைச் சட்டம் என்றால்

இங்கே வாசிப்பு இறுக்கமாகும். ஒரு செயல் குற்றமா என்பதில் இரண்டு பொருளுக்கும் சம இடம் இருந்தால், சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. செய்த நேரத்தில் குற்றமாக இல்லாததை, பிற்பாடு வந்த சட்டத்தால் குற்றமாக்கித் தண்டிக்க முடியாது. உறுப்புரை 13(6) இதைச் சொல்கிறது. வரிச் சட்டமும் இப்படித்தான், தெளிவான சொல் இல்லாமல் வரி இல்லை.

## எந்த மொழியில் உள்ள சட்டம்?

திருகோணமலையில் தமிழில் வழக்காடலாம். சட்டங்களும் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும் என்கிறது உறுப்புரை 23. ஆனால் புதிய சட்டம் எதையாவது எடுத்துக் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டங்களுக்கு, அவை இயற்றப்பட்ட ஆங்கில உரையே முதன்மை.

ஆக, தமிழ் உரையை ஒழுங்காக வாசித்து அதன்படி நடந்தவரும் சட்டத்தின் கண்ணில் தவறியவராகலாம். சிங்கள உரைதான் மேலோங்க வேண்டும் என்று உறுப்புரை 23 கட்டாயப்படுத்தவில்லை. எந்த உரை மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டத்தையும் இயற்றும்போது நாடாளுமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. அப்படியானால் இதை மாற்ற அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. நமது உறுப்பினர்கள் ஒவ்வொரு சட்டமூலத்தின் குழுநிலையிலும் எழுப்ப வேண்டிய விடயம் இது. அவர்களிடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

## இறுதிச் சொல் யாருடையது?

அரசியலமைப்புக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் உறுப்புரை 125இன்படி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே. கீழ் நீதிமன்றத்தில் அப்படியொரு கேள்வி எழுந்தால் அதை மேலே அனுப்ப வேண்டும். சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணா என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். ஆனால் அதற்கான காலம் மிகக் குறுகியது. சபாநாயகர் சான்றுரை எழுதிச் சட்டமாகிவிட்டால், உறுப்புரை 80(3)இன்படி அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மிஞ்சுவது பொருள்கோடல் மட்டும். இலங்கையில் ஒரு சொல்லை எப்படி வாசிப்பது என்பதற்கு இவ்வளவு எடை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீதிமன்றம் சொன்ன பொருள் நாடாளுமன்றத்துக்கு ஒத்துவராவிட்டால், அது செய்யக்கூடியது சட்டத்தின் சொல்லையே மாற்றுவது. 2018 தீர்ப்பு காத்த நான்கரை வருடத் தடை முடிந்ததும், 2020 மார்ச் 2ஆம் திகதியே கோட்டாபய ராஜபக்ஷ அந்த நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அதே ஆண்டு வந்த 20ஆவது திருத்தம் நான்கரையை இரண்டரையாகக் குறைத்தது. 2022இல் வந்த 21ஆவது திருத்தமும் இரண்டரையையே வைத்துக்கொண்டது. 2020 ஓகஸ்ட் 20இல் முதன்முதலாகக் கூடிய அடுத்த நாடாளுமன்றத்தை 2024 செப்டெம்பர் 24இல் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க கலைத்தபோது நான்கு வருடமும் ஒரு மாதமும்தான் ஆகியிருந்தது. உறுப்புரை 70இல் பழைய எண் இருந்திருந்தால், மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானம் இல்லாமல் 2025 பெப்ரவரி வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.